இணைப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை

ரிச்சி தெருவில் இரண்டு பெல்டியர் தகடு வாங்கினேன்.
நிஜாமுதீன் பாய் மீட்டர் வைத்துக் காட்டினார்:
"தனித்தனியா டெஸ்ட் பண்ணித்தான் தர்றோம் மேடம்.
சேத்து வச்சு எரிஞ்சா நாங்க பொறுப்பில்ல."
பில்லின் பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப்பும்
அதையே சொன்னது, ஊதா மையில்.

தரமணி. மூன்றாவது மாடி. ஓரம் பெயர்ந்த மேசை.
ஒரு தகடு சூட்டைத் தின்று மின்சாரம் தரும்,
மற்றது மின்சாரத்தைத் தின்று குளிர் தரும்.
ஒரு வாரம் தனித்தனியே அளந்தேன்.
ரேஷன் கடையில் எடை சொல்வது மாதிரி நான் சொல்ல
எப்சிபா எழுதிக்கொண்டாள்.
பிறகு கம்பியால் சேர்த்தோம்.

கூட்டி வந்த விடை ஒன்று,
முள் காட்டியது வேறு.

வித்தியாசம் சிறிதாக இருக்கும்வரை
பள்ளிக்கூடக் கணக்கே போதும்:
தடையோடு தடையைக் கூட்டினால் தீர்ந்தது.
ஹீட்டரைத் திருகத் திருக, தோசைக்கல் பதம் வந்ததும்
தகடுகளின் குணமே மாறுகிறது.
முதலாவது எவ்வளவு விடும் என்பது
இரண்டாவது எவ்வளவு வாங்கும் என்பதில் இருக்கிறது.
இரண்டாவது வாங்குவதோ
முதலாவது விடுவதில்.
நடுக் கம்பியில் ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது.
நான் வைத்ததில்லை.
எந்தத் தகட்டின் காகிதத்திலும் அச்சடித்ததில்லை.
சேர்த்த பிறகுதான் பிறந்தது,
ஒரே ஒரு நிபந்தனையோடு:
இங்கே புறப்பட்டது அங்கே சேர வேண்டும்,
வழியில் தங்க இடம் கிடையாது.

ஜன்னலுக்குக் கீழே மெட்ரோ வாட்டர் லாரி.
குழாயிலிருந்து குடம், குடத்திலிருந்து டிரம்,
டிரம்மிலிருந்து எதிர்வீட்டு மாடிப்படி, கைமாற்றிக் கைமாற்றி.
இரண்டாம் படியில் பச்சை நைட்டிக்காரம்மா
மூச்சு வாங்க நின்றார்.
லாரிவரைக்கும் எல்லாரும் நின்றார்கள்.

எப்சிபா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு
"முதல்ல ஒரு எண்ணை ஊகிப்போம்" என்றாள்.
ஊகித்தோம். தப்பு.
திருத்தினோம். தப்பு கொஞ்சம் இளைத்தது.
மறுபடி. டீ. மறுபடி.
பதினோராவது சுற்றில்
கணக்கும் முள்ளும் ஒரே கோட்டில் வந்து நின்றன.

கரண்ட் போனது.

பேட்டை முழுக்க ஏசிகள் ஒரே மூச்சில் ஓய,
இத்தனை நாள் அவை இரைந்ததே அப்போதுதான் கேட்டது:
ஒவ்வொரு வீடும் தன் சூட்டைத் தெருவில் கொட்ட,
தெரு அதை அடுத்த வீட்டுச் சுவரில் சாய்க்க,
யாரும் வரைந்து பார்க்காத பெரிய சுற்று.
மேசையில் சூட்டுப் பக்கம் இறங்கியது, குளிர்ப் பக்கம் ஏறியது.
முள் பூஜ்யத்தை நோக்கிச் சாய்ந்தது,
அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

கடைசியில் எல்லாம் ஒரே சூடு.
மேசை, கம்பி, தகடு, குடிக்க வைத்த தண்ணீர்,
ஏறக்குறைய எங்கள் கழுத்தும்.
சமநிலை என்று பாடப்புத்தகங்கள்
அத்தனை அத்தியாயம் கொண்டாடுவது இதைத்தான்.
யாரும் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை.
எப்சிபா பேசவில்லை. நானும்.
நோட்டால் விசிறிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

இரண்டரைக்குக் கடற்காற்று வந்தது.
பறக்கும் ரயில் பாலத்தைத் தாண்டி,
கருவாட்டு வாசனையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு,
ஜன்னலோரத் தகட்டின் அலுமினியச் சீப்பைத் தொட்டது.
முள் அசைந்தது.
முடியளவு.
"இரண்டு முப்பத்திநாலு" என்று எப்சிபா எழுதிக்கொண்டாள்,
யாரும் கேட்காமலே.

காலையில் கிடைத்த அந்த நடு எண்ணை
எங்கே குறிப்பது என்று தேடினேன்.
கைக்கு வந்தது பாய் கடை பில்.
ஸ்டாம்ப்பின் மேலேயே எழுதினேன்,
வேறு இடம் இல்லை.